"45 நாளில் சிபில் 750" என்றவரிடம் 8,500 ரூபாய் கொடுத்தேன்

சிபில் ஸ்கோரை, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் மதிப்பெண்ணை, ஏற்றித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். பணம் போனதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன், இருந்த ஸ்கோரும் இறங்கியது.

22 வயதில் முதல் வேலை. மூன்றாவது மாதமே டியூவில் ஒரு போன் வாங்கினேன், மாதம் 1,400 வீதம் 12 டியூ. எட்டு ஒழுங்காகப் போனது. அப்புறம் வேலை போய்விட்டது, கணக்கில் பணமில்லாமல் டியூ பவுன்ஸ் ஆனது. கலெக்‌ஷன் ஆள் இரண்டு மாதம் கூப்பிட்டார். நம்பரை பிளாக் செய்தேன். அத்தோடு விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

2024 ஜூனில் பைக் லோனுக்காக ஷோரூமில் உட்கார்ந்திருந்தபோது, ஃபைனான்ஸ்காரர் என் பான் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். 584. "சின்ன அமவுண்டுதான் தம்பி, ஆனா சிபில்ல நிக்குது. 750 ஏத்திட்டு வாங்க."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குப் பத்தாம் வகுப்பில் ஃபெயில் ஆனது போல இருந்தது. அந்த வாரமே காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது தூணில் நோட்டீஸைப் பார்த்தேன்: "45 நாளில் சிபில் 750, உத்தரவாதம்."

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை. உள்ளே இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும், நல்ல பேச்சு. "உங்க வயசுல எல்லாரும் பண்றதுதாங்க. சிபில் ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்காரு, உள்ளயே மாத்திருவாங்க." கட்டணம் 8,500. அக்காவின் சீட்டுப் பணத்தில் இருந்து வாங்கிக் கொடுத்தேன், எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. ரசீது கேட்டதற்கு, "ஜிபே மெசேஜே ரசீதுதானுங்க" என்றார். பான், ஆதார் நகல் கொடுத்தேன். அங்கேயே மூன்று ஓடிபி வந்தது, மூன்றையும் வாய்விட்டுப் படித்துச் சொன்னேன். அவர் என் ரிப்போர்ட்டை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தேதி ஜூன் 14.

ஜூலையில், போன் லோனை 4,000 ரூபாயில் முடித்துத் தருவதாகச் சொன்னார். அபராதத்தோடு சேர்த்து அப்போது பாக்கி 9,350. பாதிக்கும் கீழே முடிகிறதே என்று சந்தோஷமாகக் கட்டினேன். அப்புறம் எப்போது கேட்டாலும் "சர்வர் அப்டேட் ஆகலைங்க" என்ற ஒரே பதில்தான். ஆகஸ்ட் கடைசியில் ஒரு பிடிஎஃப் வந்தது. 756!

அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அதே ஷோரூமுக்குப் போனேன். ஃபைனான்ஸ்காரர் தாளைச் சற்று நேரம் பார்த்தார். "இது எங்க வாங்கினது தம்பி?" பிறகு விரலை வைத்துக் காட்டினார். 756 மட்டும் மற்ற எழுத்துகளைவிடத் தடிமனாக இருந்தது. மேலே தேதி இன்னும் ஜூன் 14. என் பழைய ரிப்போர்ட்டிலேயே எண்ணை அழித்துவிட்டு வேறு போட்டிருக்கிறார். தேதியை மாற்றக்கூட மெனக்கெடவில்லை, அவ்வளவு ஏமாளியாகத் தெரிந்திருக்கிறேன். ஃபைனான்ஸ்காரர் புதிதாக எடுத்துப் பார்த்தார். 561.

வீட்டுக்கு வந்து நானே ரிப்போர்ட் எடுக்க முயன்றால் சிபில் தளத்தில் நுழைய முடியவில்லை. என் பெயரிலான கணக்கை அந்த ஆள் தன் இமெயிலில் திறந்து வைத்திருந்தார். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் ரிப்போர்ட் தரும் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தந்தாக வேண்டும், ரிசர்வ் வங்கி உத்தரவு. நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. எக்ஸ்பீரியனில் எடுத்துப் பார்த்தேன்.

ஜூலையில் மட்டும் மூன்று லோன் விண்ணப்பங்கள், எல்லாம் நான் கேள்விப்படாத கம்பெனிகள். கமிஷனுக்காக என் பான் நம்பரை அங்கெல்லாம் தள்ளியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். இப்படி அடுத்தடுத்து விண்ணப்பம் விழுந்தால் ஸ்கோர் இறங்கும். அதைவிட மோசம், போன் லோனுக்கு எதிரே 'செட்டில்டு' என்று இருந்தது. நான் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கடன் கொடுப்பவர் கண்ணுக்கு அது பாதி கொடுத்துவிட்டுக் கையை விரித்தவன் என்று அர்த்தம். முழுதாகக் கட்டினால்தான் 'க்ளோஸ்டு'. ஏஜென்டுக்கு 8,500, செட்டில்மென்டுக்கு 4,000, ஆக 12,500 செலவு செய்திருக்கிறேன். முழு பாக்கியே 9,350தான். இந்தக் கணக்கை அன்றிரவு எத்தனை முறை போட்டேன் என்று தெரியாது.

அடையாள ஆவணம் அனுப்பி சிபில் கணக்கை மீட்ட பிறகு இன்னொன்றும் தெரிந்தது. "இந்த லோன் என்னுடையது இல்லை" என்று அந்த ஆள் என் பெயரில் சிபிலில் புகார் போட்டிருக்கிறார், அது தள்ளுபடியாகியிருக்கிறது. அவருடைய 'உள் ஆள்' வேலை இவ்வளவுதான். அந்தப் புகாரை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் ஆன்லைனில் போடலாம். கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் சிபிலால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. உண்மையிலேயே தவறான பதிவு இருந்தால் புகார் போடுங்கள், 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும். என் விஷயத்தில் பதிவில் தவறில்லை, கட்டாதது நான்தான்.

அந்த ஆளைத் தேடிப் போனேன், அறை பூட்டிக் கிடந்தது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன், ஆனால் பணம் கைமாறி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, திரும்பி வரவில்லை. ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனி, சிபில் மேலெல்லாம் இலவசமாகப் புகார் செய்யலாம். தூணில் நோட்டீஸ் ஒட்டுகிறவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

பிறகு ஃபைனான்ஸ் கம்பெனியின் கிளைக்கு நேரில் போனேன். மீதி 5,350ஐக் கட்டினால் 'க்ளோஸ்டு' என்று மாற்றி அனுப்புவதாக எழுதிக் கொடுத்தார்கள். எழுதி வாங்கிய பிறகே கட்டினேன், பாக்கி இல்லை என்ற சான்றான என்ஓசியும் வாங்கினேன். கவுன்டரில் இருந்த அம்மா, "முதல்லயே இங்க வந்திருக்கலாமே கண்ணு" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. மாறியதா என்று பார்த்துப் பார்த்து, இரண்டு மாதம் கழித்துத்தான் மாறியது.

பேங்கில் 20,000 ரூபாய் டெபாசிட் போட்டு, அதன் மேல் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். டெபாசிட்டை ஈடாகப் பிடித்துக்கொள்வதால் மோசமான சிபிலுக்கும் தருகிறார்கள். பெட்ரோலும் ரீசார்ஜும் மட்டும் அதில், மாதம் மூவாயிரத்துக்குள். பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிடுவேன். 'மினிமம் டியூ' என்று சின்னதாக ஒரு எண் பில்லில் இருக்கும், அதை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஓடும். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போகிறது. போன மாதம் பார்த்தபோது 708. பைக் இன்னும் வாங்கவில்லை, அக்காவின் சீட்டுப் பணத்தில் 2,500 பாக்கி இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் அதே நோட்டீஸ், புது நம்பரோடு. கிழித்துப் போட்டேன். அடுத்த தூணிலும் ஒட்டியிருந்தது.