பத்தாங் பெர்சுந்தையில் ஒரு மானிய விண்ணப்பச் சேவை: கொடுத்த காசுக்குத் தகுமா?

பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பின்பும் நம்மவர்கள் பத்தாங் பெர்சுந்தை என்றே அழைக்கும் சிலாங்கூர் மாநில ஊரில், பழைய கடைவரிசை ஒன்றின் மேல்மாடியில், ஆலயங்களுக்கும் சங்கங்களுக்கும் பள்ளி வாரியங்களுக்கும் அரசாங்க மானிய விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவரும், கட்டுமானப் பொறியியலில் டிப்ளோமா முடித்த அவருடைய அக்காள் மகளும் அதை நடத்துகிறார்கள். வெளியே பெரிய பலகை எதுவும் இல்லை; கீழே உள்ள சாப்பாட்டுக் கடையில் கிராணி வீடு எது என்று கேட்டால் படிக்கட்டைக் காட்டுவார்கள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, தாழ்வான நிலத்தில் இருக்கும் எங்கள் ஆலய மண்டபத்தை வெள்ளத்திலிருந்து பாதுகாப்பதற்கான விண்ணப்பத்தை எங்கள் நிர்வாகக் குழு அவர்களிடம் ஒப்படைத்தது. ஆவணங்களைத் திரட்டும் பொறுப்பு என்னிடம் இருந்ததால், தொடக்கம் முதல் முடிவு வரை அவர்கள் வேலை செய்த விதத்தை அருகிலிருந்து பார்க்க முடிந்தது.

கட்டணம் முதலில். கோப்பைப் பார்த்துக் குறைகளைச் சொல்வதற்கு 80 ரிங்கிட். விண்ணப்பத்தை முழுமையாகத் தயாரித்துச் சமர்ப்பிப்பதற்கு 450 ரிங்கிட். மானியம் கிடைத்த பிறகு செலவறிக்கை எழுதித் தருவதற்கு மேலும் 200 ரிங்கிட். கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதில்லை என்பதைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மானியத்தில் பத்து விழுக்காடு, பதினைந்து விழுக்காடு என்று பேரம் பேசும் இடைத்தரகர்களை நம் ஆலயக் குழுக்கள் பல அறிந்திருக்கும் என்பதால், இந்த ஒரு வரிக்காகவே அந்தப் படிக்கட்டை ஏறலாம் என்பேன்.

ஆனால் இந்தச் சேவையின் மதிப்பு பாரத்தை நிரப்புவதில் இல்லை. நாங்கள் கொண்டு சென்ற கடிதம், நம் குழுக்கள் வழக்கமாக எழுதும் கடிதம்தான்: தண்ணீர் புகுந்தது, பொருள்கள் நாசமாயின, பக்தர்கள் துயருற்றனர், மாண்புமிகு அவர்கள் கருணை கூர்ந்து உதவ வேண்டும். கிராணி அதை முழுவதும் படித்துவிட்டு எங்கள் தலைவரிடம் கேட்டார்: “தலைவரே, தண்ணி வந்த கதை இருக்கட்டும். அடுத்த தடவ வந்தா எது நனையாம இருக்கணும், அதச் சொல்லுங்க.” “எல்லாந்தான் கிராணி” என்றார் தலைவர். “எல்லாத்துக்கும் எந்த ஆபீசும் காசு தராது” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் ஒரு வெள்ளைத் தாளை எங்கள் பக்கம் தள்ளினாள். மின் விநியோகப் பெட்டி, தண்ணீர் இறைக்கும் மோட்டார், சமையல் பாத்திரங்கள், உற்சவ மூர்த்தியின் ஆடை அணிகள், ஆவணப் பெட்டி, மண்டபத் தரை என்று ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கடந்த வெள்ளத்தின் கறை சுவரில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து வரும்படி எங்களை அனுப்பி வைத்தார்கள்.

நம் ஊர்க் குழுக்களுக்கு இது புதிய பழக்கம். வெள்ளம் வடிந்த பிறகு கிடைக்கும் உதவியைத்தான் நாம் நன்கு அறிவோம். குடும்பத் தலைவருக்கு 1,000 ரிங்கிட் என்ற வாங் இசான் உதவியும், 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மாநில அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் வழங்கிய சிலாங்கூர் பங்கிட் உதவியும் அந்த வகை. அவற்றுக்கு நடந்த இழப்பைச் சொன்னால் போதும். இடர் குறைப்புக்கான பணம் கேட்கும்போதோ இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது: எந்த ஆபத்து, எத்தனை பேருக்கு, எவ்வளவு அடிக்கடி, இந்த வேலையைச் செய்தால் அதில் எவ்வளவு குறையும். 2021 இறுதி வெள்ளத்தில் நாடு முழுவதும் ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அந்தப் பெரிய எண்ணை எங்கள் கடிதத்தின் முதல் வரியில் போடலாம் என்று நான் நினைத்திருந்தேன். கிராணி அதை அடித்துவிட்டு, எங்கள் மண்டபச் சுவரிலுள்ள கறையின் உயரத்தை அங்கே எழுதினார்.

எந்த வாசலைத் தட்டுவது என்பதிலும் அவர்களுடைய அறிவு உதவியது. பேரிடர் இடர் குறைப்பு என்ற பெயரில் தோட்டப்புற ஆலயம் ஒன்று நேராகப் போய் விண்ணப்பிக்கக்கூடிய தனி வாசல் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஆற்றை ஆழப்படுத்துவதும் கரை கட்டுவதும் நீர்த்தேக்கக் குளம் வெட்டுவதும் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தணிப்புத் திட்டங்களுக்குள் வருபவை. அவற்றுக்கு ஆலயக் குழு விண்ணப்பம் போடுவதில் பொருளில்லை, வட்டாரத்தின் தேவையைக் கடிதமாக எழுதி மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்யலாம், அவ்வளவே. வளாகத்துக்கு வெளியே ஓடும் சாலையோர வடிகால் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. மண்டபத்தின் பழுதுபார்ப்பு, தரமுயர்த்தல் ஆகியவற்றுக்குத்தான் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு இஸ்லாம் அல்லாத வழிபாட்டுத் தலங்களுக்கென ஒதுக்கும் நிதியும், சிலாங்கூரில் லிமாஸ் என்ற மாநிலக் குழு வழங்கும் நிதியும் இருக்கின்றன. ஆகவே, வெள்ளப் பாதுகாப்பு என்ற நோக்கத்தைப் பழுதுபார்ப்பு என்ற சட்டகத்துக்குள் பொருத்தமாக அமைக்க வேண்டும். பொய் சொல்லாமல் அதைச் செய்ய முடியும் என்பதை அவர்களிடம் கற்றுக்கொண்டேன். மித்ராவிடம் கேட்கலாமே என்ற குரல் எங்கள் கூட்டத்திலும் எழுந்தது. அது இந்தியர்களின் சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்கான பிரிவு, மின்பெட்டியை உயர்த்த அங்கே போக வேண்டாம் என்று கிராணி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

உண்மையான தடை நிலம். தோட்டத்து ஆலயங்களுள் பலவும் தமிழ்ப்பள்ளிகளுள் பலவும் நிறுவனத்துக்குச் சொந்தமான நிலத்திலேயே நிற்கின்றன. மூன்று தலைமுறை கும்பிட்ட இடமாக இருந்தாலும் பட்டாவில் நம் பெயர் இல்லை. அரசாங்கப் பணத்தில் நிரந்தரக் கட்டுமானம் எழ வேண்டுமானால் நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். இந்த அலுவலகம் முதல் நாளிலேயே அதைக் கேட்டது. நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் சான்று எடுத்து, நிலம் யார் பெயரில் இருக்கிறது, ஆற்று ஒதுக்கு நிலம் ஏதும் குறுக்கே வருகிறதா என்று பார்த்த பிறகே மற்ற வேலை தொடங்கியது. ஒப்புதல் கடிதத்துக்கான வாசகத்தையும் அவர்களே எழுதித் தந்தார்கள்: நிலத்தின் மீது எந்த உரிமையும் கோரப்படவில்லை, குறிப்பிட்ட பாதுகாப்பு வேலைகளுக்கு மட்டும் அனுமதி வேண்டப்படுகிறது என்று நிறுவனம் அஞ்சாமல் கையெழுத்திடக்கூடிய வாசகம். ஒரு மேலாளர் மாறிப் புதியவர் வந்ததால் கடிதம் கைக்கு வர நாளாயிற்று, ஆனால் வந்தது. இந்த ஒரு பக்கத்துக்கே 450 ரிங்கிட் தகும்.

சங்கப் பதிவிலாகா விவகாரமும் அப்படியே. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். அதில் நிலுவை வைத்துக்கொண்டு மானியம் கேட்டு வருபவர்களை அவர்கள் அப்படியே திருப்பி அனுப்புகிறார்கள், 80 ரிங்கிட் வாங்குவதில்லை.

வேலைத் திட்டத்தைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. குழுவில் பெரும்பாலோர், மண் கொட்டி வளாகத்தையே இரண்டடி உயர்த்திவிட வேண்டும் என்றார்கள். அந்தப் பெண் மறுத்தாள். நிலத்தை உயர்த்தினால் இதுவரை நம் வளாகத்தில் தேங்கிய தண்ணீர் பின்னால் உள்ள தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் போகும். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மாஸ்மா கையேடு, ஒரு மேம்பாட்டுக்குப் பிறகு வளாகத்திலிருந்து வெளியேறும் உச்ச நீரோட்டம் முன்பிருந்ததைவிடக் கூடக்கூடாது என்கிறது என்று விளக்கினாள். “அவங்க வீட்டுக்குத் தண்ணிய அனுப்பிட்டு நாம கும்பாபிசேகம் பண்றதா?” என்று எங்கள் பொருளாளர் அக்கா கேட்டதும் பேச்சு அடங்கியது. முடிவில் விண்ணப்பத்தில் இடம்பெற்றவை எளிய வேலைகள்: மின் விநியோகப் பெட்டியையும் பிளக்குகளையும் கறைக்கு மேல் உயர்த்துதல், மோட்டாருக்குச் சிமெண்டு மேடை, கழிவறைக் குழாயில் தண்ணீர் பின்வாங்காமல் தடுக்கும் வால்வு, ஆவணங்களுக்கும் அணிகளுக்கும் மேல்தள அறை, காற்றில் பெயர்ந்துபோகும் ஓரத்துத் தகரக் கூரையை இறுக்கிக் கட்டுதல், வளாகத்தைச் சுற்றி வடிகால். வாசலுக்கு வெளியே உள்ள வடிகாலையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று கிராணியே சொன்னது எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை.

சான்றுகளைச் சேர்த்த விதம் பாராட்டுக்குரியது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பொது இன்ஃபோபஞ்சிர் வெள்ளத் தகவல் தளத்தில் எங்களுக்கு அருகிலுள்ள நிலையத்தின் மழையளவையும் சிலாங்கூர் ஆற்றின் நீர்மட்டத்தையும், அது எச்சரிக்கை நிலையைத் தாண்டி அபாய நிலையைத் தொட்ட நாள்களையும் எடுத்து, எங்கள் கைப்பேசிகளில் கிடந்த தேதியிட்ட படங்களோடு ஒன்றுக்கொன்று பொருத்தினார்கள். அந்த மண்டபம் சமூகநலத் துறையின் தற்காலிக நிவாரண மையப் பட்டியலில் இல்லாவிட்டாலும், தண்ணீர் வரும் இரவுகளில் லயத்து முதியவர்கள் படுப்பது அங்கேதான் என்ற செய்தியை இந்தியச் சமூகத் தலைவரின் கடிதத்தோடு சேர்த்தார்கள். என் கணிப்பில் விண்ணப்பத்தின் மிக வலுவான பகுதி அதுதான். நாங்கள் அதை எழுதத் தோன்றாமல் விட்டிருப்போம்.

குறைகளுக்கு வருகிறேன். அமெரிக்கக் கட்டட அறிவியல் தேசியக் கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இடர் குறைப்புக்கு அந்நாட்டுக் கூட்டரசு வழங்கும் மானியத்தில் ஒரு டாலர் செலவிட்டால் ஆறு டாலர் இழப்பு தவிர்க்கப்படுகிறது என்று சொல்லப்பட்டிருக்கிறது. கிராணிக்கு இந்த எண்மீது பெரும் பிரியம். எல்லா விண்ணப்பங்களிலும் அதை ஒட்டிவிடுகிறார். அந்நாட்டின் ஃபீமா என்ற பேரிடர் நிர்வாக அமைப்பு தான் மானியம் தரும் திட்டங்களுக்கு நன்மை செலவைவிடக் குறையக்கூடாது என்ற விதியை வைத்திருப்பதால் அங்கே அத்தகைய கணக்குக்கு இடமுண்டு. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் ஐந்தாண்டுகளுக்கு 100 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை ஒதுக்கப்பட்ட பேரிடர் ஆயத்த நிதியில், விண்ணப்பிப்பவர் பொதுவாகச் செலவில் பாதியைத் தாமே திரட்ட வேண்டும்; அங்கேயும் கணக்கு கறாரானது. அந்த எண்களைத் தூக்கி வந்து தோட்டத்து ஆலய மண்டபத்தின் கோப்பில் வைப்பது கனம் சேர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என் வற்புறுத்தலால் அதை நீக்கிவிட்டு, மோட்டார், ஒலிபெருக்கி, குளிர்ப்பெட்டி, அரிசி மூட்டைகள் என்று எங்கள் ரசீதுகளிலிருந்தே இழப்புக் கணக்குப் போட்டோம். குழுவின் சொந்தப் பங்களிப்பாக வர்ணப்பூச்சையும் கூட்டுப்பணியையும் குறிப்பிட்டோம்.

இதைவிடப் பெரிய குறை கொட்டேஷன் விவகாரம். மூன்று குத்தகையாளர்களின் விலைகளை அவர்களே வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். வந்த மூன்று தாள்களிலும் எழுத்துரு ஒன்று, ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. மூவரும் ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள், தட்டச்சு மட்டும் இங்கே நடந்தது என்று கிராணி விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. மித்ரா நிதி தொடர்பாக 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியது நம் சமூகம் அறிந்த செய்தி. கையெழுத்திடுவது குழு, நாளை கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் குழு. கோலசிலாங்கூரிலும் ரவாங்கிலும் நாங்களே மூன்று பேரிடம் தனித்தனியாக விலை கேட்டு வாங்கினோம். முதலில் வந்தவற்றைவிட அவை கணிசமாகக் குறைவாக இருந்தன. அந்தத் தாள்களை அவர்கள் முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மலாய் மொழிநடை நேர்த்தியானது. இணையவழிச் சமர்ப்பிப்பும் தொடர் விசாரிப்பும் சுமார். தொலைபேசியில் நாமே நினைவூட்டிக்கொண்டிருக்க வேண்டும். மலைச்சரிவு, தடுப்புச் சுவர் போன்ற வேலைகளுக்கு இவர்களிடம் போகக்கூடாது. அந்தப் பெண் வரையும் படம் விளக்கப் படமே தவிர, பதிவுபெற்ற நிபுணத்துவப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடமாகாது. அண்டை மாவட்டமான உலு சிலாங்கூரில், பத்தாங் காலி அருகே 2022 டிசம்பர் 16 அதிகாலை நடந்த நிலச்சரிவில் 31 பேர் மாண்ட பிறகு, சரிவை ஒட்டிய எந்த வேலையையும் டிப்ளோமா அளவில் முடித்துக்கொள்ள எண்ணுவது தகாது. இதை அவளே எங்களிடம் சொன்னாள் என்பது அவளுக்குப் பெருமை.

எங்கள் விண்ணப்பத்துக்குக் கிடைத்தது பகுதி ஒப்புதல். மின்வேலை, மோட்டார் மேடை, வால்வு, மேல்தள அறை ஆகியவை ஏற்கப்பட்டன. கூரைக்குப் பாதித்தொகை வந்தது. வாசலுக்கு வெளியே செல்லும் வடிகால் ஆலயத்தின் வேலையல்ல என்று நீக்கப்பட்டது. அதற்காக இப்போது நகராண்மைக் கழகத்துக்குத் தனிக் கடிதம் போயிருக்கிறது.

ஐந்து நட்சத்திரத்தில் மூன்றரை தருவேன். கொட்டேஷனை நாமே வாங்கிக்கொள்வதானால் நான்கு. பதிவும் கணக்கும் ஒழுங்காக இருந்து, எழுதத் தெரிந்த ஆள் மட்டும் இல்லாத குழுக்களுக்கு இது மிகப் பொருத்தமானது. குழுவிலேயே மலாயில் நன்றாக எழுதும் இளைஞர் ஒருவர் இருந்தால் 80 ரிங்கிட் ஆலோசனையோடு நிறுத்திக்கொள்ளலாம். கூட்டரசு வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் அக்டோபரில் தாக்கலாகிறது. மேற்குக் கரையில் பருவமாற்றக் காலத்துப் பெருமழையும் ஏறக்குறைய அதே வேளையில் கொட்டுவதால், தண்ணீர் வந்த பின் இந்த அலுவலகத்தில் வரிசை நீள்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் போனால் கிராணி நிதானமாகப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கடை அடைப்பு. போகும்போது நிலத் தேடல் சான்று, கடைசி ஆண்டறிக்கை, ஆலயத்தின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கின் அறிக்கை ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். தலைவரின் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் கிராணி அங்கேயே பேனாவை மூடி வைத்துவிடுவார்.