சுண்ணாம்பா, சிமெண்டா? கான்வியின் பழைய கல் சுவருக்கு எது சரி

வட வேல்ஸில் உள்ள கான்வியில் பழைய வீடு வாங்கியவர்களுக்குச் சீக்கிரமே வரும் கேள்வி இது: பெயர்ந்து விழும் வெளிப்பூச்சுக்கு மறுபடி எதைப் பூசுவது? நாங்கள் சுண்ணாம்பு பூசினோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

செலவிலும் வேகத்திலும் சிமெண்டுதான் முன்னால். சுண்ணாம்புக்குத் தெரிந்த மேஸ்திரியைத் தேட வேண்டும், உறைபனிக் காலத்தில் வேலையே நடக்காது, பூசிய சுவரை ஈரச்சாக்கு போட்டு மூடி மெதுவாகக் காயவிட வேண்டும். சரி, அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

எங்களை முடிவெடுக்க வைத்தது ஈரம். போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வந்ததே 1824இல்தான். அதற்கு முந்தைய கல் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியவை. நல்ல தடிமன், நடுவில் காற்று இடைவெளி கிடையாது. மழை உள்ளே இறங்கும், காற்றடிக்கும்போது வெளியேறும். சுண்ணாம்பு அதற்கு வழிவிடும். சிமெண்ட் விறைப்பானது, சுவர் லேசாக அசைந்தாலே மயிரிழை விரிசல் விடும். அதில் இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். அப்புறம் உள்சுவரில் உப்புப் பூக்கும், சுவருக்குள் செருகிய உத்தரத்தின் நுனி இற்றுப்போகும்.

எங்கள் வீட்டில் முன்பு யாரோ பூசியிருந்த சிமெண்ட், வெளியே பார்க்கப் பாறை மாதிரிதான் நின்றது. உடைத்துப் பார்த்தால் பின்னால் இருந்த பழைய சாந்து ஈரமணலாகக் கையோடு வந்தது. சில கற்களின் முகமே சிமெண்டோடு பிய்ந்துவிட்டது. பராமரிப்புக் கணக்கில் இதைத்தான் பலர் சேர்ப்பதில்லை. சுண்ணாம்புக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை வெள்ளையடிக்க வேண்டும், உண்மைதான். ஆனால் பழுதான இடத்தை மட்டும் தட்டியெடுத்துப் பூசிவிடலாம். கல்லுக்குச் சேதம் இல்லை.

ஊரின் தோற்றத்துக்கும் இதுவே பொருந்தும். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1283இல் கட்டத் தொடங்கிய கான்வி கோட்டையே ஒரு காலத்தில் சுண்ணாம்புப் பூச்சோடு வெள்ளையாக நின்றதுதான். 1576க்கும் 1585க்கும் இடையில் ராபர்ட் வின் கட்டிய பிளாஸ் மௌர் மாளிகையும் இன்று சுண்ணாம்புப் பூச்சோடுதான் இருக்கிறது. சுண்ணாம்பு பூசிய சுவரில் கல்லின் மேடுபள்ளம் தெரியும், மூலைகள் மழுங்கியிருக்கும். சிமெண்ட் பூசிய பக்கத்து வீடு அட்டைப்பெட்டி போல் தட்டையாக நிற்கும்.

எங்கள் பூச்சு இன்னும் புதிதுதான்; கடற்காற்றில் எத்தனை காலம் நிற்கும் என்பதில் மேஸ்திரியின் வாக்கைத்தான் நம்பியிருக்கிறேன். இடைவெளி விட்டுக் கட்டிய பிற்காலச் செங்கல் வீடென்றால் சிமெண்டே போதும், சுண்ணாம்புக்கு அலைய வேண்டாம். பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டிடமாக இருந்தால், பூச்சை மாற்றுமுன் கவுன்சிலில் அனுமதி கேட்டுவிடுங்கள். இன்னொன்று: ‘சீக்கிரம் இறுக ஒரு கை சிமெண்ட் சேர்த்துக்கலாமே’ என்று சொல்லும் மேஸ்திரியிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.