ஆப்பு வைத்தும் சரி செய்யலாம்: நீடாமங்கலம் பக்கம் ஒரு ஜீப் பட்டறை

இந்தப் பட்டறைக்கு போர்டு கிடையாது, பில் கிடையாது, உட்கார நாற்காலி கூடக் கிடையாது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நிற்கிற பாக்கியம் வாய்த்தவர்கள் யாரிடம் கேட்டாலும் "பாய் பட்டறையா?" என்று கை காட்டுவார்கள். அவரிடம் என் ஜீப்பை விட்டு எடுத்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன்.

வண்டி பழைய மஹிந்திரா எம்எம் 540. முன்னும் பின்னும் கமான் பட்டை (வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டை ஸ்பிரிங்), பவர் ஸ்டீயரிங் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்டபோது தென்னை விழுந்த ரோட்டிலும் வயல் வரப்பிலும் இந்த ஜீப்பை வைத்துக்கொண்டு பட்ட பாட்டில், இன்னும் நாலு விரக்கடை உயரமாக இருந்திருந்தால் தேவலையே என்று மனசுக்குள் ஒரு ஆசை விழுந்துவிட்டது. பிற்பாடு ஒரு கடையில் (பேர் வேண்டாம்) கொடுத்து 4 இஞ்ச் தூக்கினேன். கூடுதல் பட்டை, நீளமான சாக்கிள் (கமான் பட்டையின் முனையை வண்டிச் சட்டத்தோடு மாட்டுகிற இணைப்பு), 31 இஞ்ச் டயர், வீல் வெளியே தள்ளித் தெரிய ஸ்பேசர். நின்றால் கோயில் யானை மாதிரி இருக்கும், ஓட்டினால் குடித்துவிட்டு சைக்கிள் மிதிக்கிறவர் மாதிரி ரோடு முழுக்க அலையும்.

திருப்பினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, நாம்தான் இழுத்துக் கொண்டுவர வேண்டும். மதகுப் பாலத்தில் ஏறி இறங்கினால் நான் பிடித்தபடியே இருக்கும்போதே வண்டி இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை, 55 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் முன் வீல் இரண்டும் படபடவென்று ஆட ஆரம்பித்து, ஸ்டீயரிங் கையைப் பிய்த்துக்கொண்டு போகும், வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். ஒரு தடவை பின்னால் டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் யாரும் இதில் ஏறுவதில்லை.

பாயிடம் போவதற்கு முன்னால் இரண்டு இடங்களில் மூன்று முறை அலைன்மெண்ட் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று பாய் சொன்ன பிறகுதான் புரிந்தது. இந்த மாதிரி ஒரே குழாய் ஆக்ஸிலில் அலைன்மெண்ட் கடைக்காரர் திருகி மாற்றக்கூடியது டோ (முன் வீல்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கிற அளவு) ஒன்றுதான். கேஸ்டர் (வீல் திரும்புகிற அச்சின் முன்பின் சாய்வு), கேம்பர் (வீலின் பக்கவாட்டுச் சாய்வு) எல்லாம் ஆக்ஸிலோடு பிறந்தது. அடுத்தவர் ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் ஆட்டத்தை அமுக்குகிற ஷாக் அப்சார்பர் மாதிரி ஒன்று) மாட்டிவிட்டார், பத்து நாள் ஆட்டம் அமுங்கியிருந்தது, அப்புறம் முன்னைவிட மோசம். "டேம்பர் தலைவலிக்குத் தைலம் தம்பி, காய்ச்சல் உள்ளேயே இருக்கு" என்றார் பாய்.

அவர் முதலில் ஸ்பேனரைத் தொடவே இல்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மூணாறு தலைப்பு (ஆறு மூன்றாகப் பிரிகிற இடம்) வரை அவரே ஓட்டினார், திரும்பி வந்து டயர் காற்றைப் பார்த்தார். 40 இருந்தது. இவ்வளவு லேசான வண்டிக்கு இவ்வளவு பெரிய டயரில் இது பலூன் என்று 26க்கு இறக்கினார். டயரில் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டி, கோடு நடுவில் மட்டும் அழிகிறதா முழுக்க அழிகிறதா என்று பார்த்துத்தான் அந்த 26க்கு வந்தார். பைசா செலவில்லாத சோதனை, இதுவரை எவரும் எனக்குச் செய்து காட்டவில்லை.

அடுத்தது வீல் தரையில் இருக்கும்போதே என்னை ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாக இடதும் வலதும் ஆட்டச் சொல்லி, அவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்த்தார். "ஆட்டு... நிறுத்து... ஆட்டு" என்று முக்கால் மணி நேரம். எனக்குத் தோள் விட்டுப்போனது. ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் ஒன்று தளர்ந்து பாக்ஸே சேஸில் நகர்ந்தது, இடது டை ராடு எண்டு (முன் வீல் இரண்டையும் இணைக்கிற கம்பியின் மூட்டு) தேய்ந்திருந்தது. பிறகு ஜாக்கியில் தூக்கி வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், வலது பக்கம் ஆட்டம் தெரிந்தது. என்னை பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தால் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், போகாவிட்டால் கிங்பின் (வீல் இடம், வலம் திரும்புகிற அச்சு). போகவில்லை. கிங்பின் மூடிக்கு அடியில் இருக்கிற ஷிம் தகட்டைக் குறைத்து இறுக்கினார். இறுக்கம் சரியா என்று பார்க்க, டை ராடைக் கழற்றிவிட்டு மீன் கடையில் இருக்கிற மாதிரி ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஆனால் மூல காரணம் கேஸ்டர்தான். கிங்பின்னின் மேல் முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தால்தான் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரும், இந்த வகை ஜீப்பில் அது சுமார் 3 டிகிரி. என் வண்டியில் அரை டிகிரிதான் மிச்சம். முன்பக்கம் மாட்டியிருந்த நீளமான சாக்கிள் ஆக்ஸிலையே முன்னால் சாய்த்துவிட்டது. அந்த சாக்கிளால் கிடைத்த உயரமும் சொற்பம்: 3 இஞ்ச் நீட்டினால் வண்டி ஒன்றரை இஞ்ச்தான் ஏறும். அதற்காகத்தான் நான் இத்தனை நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

பாய் சொன்ன வைத்தியம்: பழைய சாக்கிளையே மாட்டு, ஸ்பேசரைக் கழற்று, மிச்சம் குறைகிற கேஸ்டருக்கு கமான் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வை. அலுமினிய ஆப்பு நசுங்கும் என்று லேத்தில் இரும்பிலேயே அறுத்து வாங்கினார், நடு போல்ட்டையும் நீளமாக மாற்றினார். முன்னால் ஒரு கடைக்காரர் எனக்கு வைத்த ஆப்பு வேறு, இது வேறு. வண்டி ஒன்றரை இஞ்ச் இறங்கியதும் டிராக் லிங்கின் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வீல் பக்கம் போகிற கம்பி) சாய்வு குறைந்து, மதகில் வெட்டுகிற வெட்டும் பெரும்பாலும் போய்விட்டது. உயரம் குறைவதில் எனக்கு மனசே இல்லை, சண்டை கூடப் போட்டேன். ஆர்சியில் இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்து எடுத்துவிட்டார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது!

மொத்தம் 6,800 ரூபாய். டேம்பருக்கும் மூன்று அலைன்மெண்டுக்கும் நான் கொட்டியது இதைவிட அதிகம். இப்போது 70இல் ஒரு கையால் பிடிக்கலாம், பள்ளத்தில் விழுந்தாலும் ஆட்டம் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. மூன்று நாள் என்றவர் பதினோரு நாள் எடுத்தார், போன் எடுக்கவே மாட்டார். அறுவடை நேரத்தில் டிராக்டரும் அறுப்பு மெஷினும் வரிசை கட்டும், ஜீப்காரனெல்லாம் அவருக்கு அப்புறம்தான். அதனால் சித்திரை, வைகாசியில், மேட்டூர் திறக்கிறதுக்கு முன்னால் போய்விடுங்கள். கூலி எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், தானாகச் சொல்ல மாட்டார்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆப்பு வைத்ததில் முன் டிஃபரென்ஷியலின் (ஆக்ஸில் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி) மூக்கு கீழே சாய்ந்து, ஃபோர் வீல் போட்டால் அதைச் சுற்றவைக்கிற தண்டான முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் லேசாக முனகுகிறது. இதை அவரே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். அதற்காக வியாழக்கிழமை போகிறேன், கேட் திறந்திருந்தால்.