கணித சேரா, இரசாயனவியல் மிஸ்ஸா: பரிந்துரைக் கடிதத்துக்கு யாரைக் கேட்பது?

எங்கள் இலங்கையில் பல்கலைக்கழகம் போக யாருடைய கடிதமும் தேவையில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகமா பேராதனையா என்பதை உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி தீர்மானித்துவிடும். அதனால் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் ஆசிரியர் கடிதம் என்ற இடத்துக்கு வந்ததும் திகைத்துப் போகிறார்கள். போன வருடம் அக்காவின் மகளுக்காக, கல்லடி வீட்டு விறாந்தையில் இருந்து ஒவ்வொரு ஆசிரியராக யோசித்தோம்.

இதை நற்சான்றிதழ் மாதிரி நினைப்பதுதான் முதல் பிழை. "கீழ்ப்படிவுள்ளவர், நன்னடத்தை உடையவர்" என்ற வரிகள் அங்கே எடுபடாது. பல கல்லூரிகள் பயன்படுத்தும் காமன் ஆப் படிவம், இந்த மாணவரை நினைத்ததும் முதலில் மனதில் வரும் சொற்கள் எவை என்று ஆசிரியரிடம் கேட்கிறது. தான் கற்பித்தவர்களில் இவர் முதல் பத்து வீதத்திலா, ஐந்து வீதத்திலா, ஒரு வீதத்திலா என்றும் அடையாளமிடச் சொல்கிறது. பிள்ளையை உண்மையாகவே அறிந்தவர்தான் இதற்குப் பதில் எழுத முடியும்.

மருமகளின் முதல் தெரிவு இணைந்த கணித சேர். ஊரில் பெயர் பெற்றவர், அவருடைய பாடத்தில் இவள் எப்போதும் முதலிடம். அக்காவுக்கும் அதுதான் விருப்பம். ஆனால் அவர் என்ன எழுதுவார்? "வகுப்பில் முதலாவது மாணவி." அதைப் புள்ளி அறிக்கையே சொல்லிவிடுகிறதே. அறுபது பேர் இருக்கும் வகுப்பில், கேள்வி கேட்காமலே கணக்கைச் செய்துவிட்டுப் போகிற பிள்ளையைப் பற்றி அவருக்கு வேறென்ன தெரிந்திருக்கும்?

இரசாயனவியலில் நிலைமை வேறு. 12ஆம் தரத்து முதல் தவணையில் இவளுக்கு 38 புள்ளி. ஆய்வுகூடத்தில் ஒருநாள், பியூரெட் குழாயிலிருந்து கரைசலைத் துளித்துளியாக விட்டு அளக்கும் நியமிப்பு செய்தபோது மூன்று வாசிப்புகளில் ஒன்று மற்ற இரண்டோடும் ஒத்துவரவில்லை. அதை வெட்டிவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுப்பதுதான் பிள்ளைகளின் வழக்கம். இவள் இடைவேளைக்கும் போகாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, பியூரெட்டின் திருகு கசிவதைக் கண்டுபிடித்தாள். மிஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளியில் குறைந்த பாடம்தான். ஆனாலும் என் மனதில் மிஸ்தான் முதல் ஆள். ஒரு கல்லூரி தேடுகிற மாணவியை அந்த ஆய்வுகூடத்தில் அவர் கண்டிருக்கிறார்.

ரியூசன் சேரைப் பற்றியும் பேசினோம். பாதிப் பாடம் அவரிடம்தான் படித்தாள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் கல்லூரிகள் எதிர்பார்ப்பது பாடசாலை ஆசிரியரை. மண்டபம் நிறைந்த வகுப்பில் அவருக்கு இவளுடைய பெயர் தெரியுமா என்பதே சந்தேகம். அவரை விட்டுவிட்டோம். அதிபரையும் இரண்டு ஆசிரியர் கடிதங்களுக்கான இடங்களில் வீணாக்க வேண்டாம். பாடசாலை சார்பில் தனியாக ஒரு படிவம் இருக்கிறது, அவருடைய இடம் அதுதான்.

இரண்டாவது கடிதம்தான் சிக்கல். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் ஒரு கணித அல்லது விஞ்ஞான ஆசிரியரையும், மொழி, வரலாறு போன்ற பாடமொன்றைக் கற்பித்த ஒருவரையும் கேட்கின்றன. கணிதப் பிரிவுப் பிள்ளைக்கு அப்படி யார் இருக்கிறார்? மிஞ்சுவது பொது ஆங்கில ஆசிரியர். இசட் புள்ளியில் சேராத பாடம் என்று அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் வேறு கணக்குச் செய்வார்கள். மருமகளும் செய்தவள்தான். அதனால் சாதாரண தரத்தில் தமிழ் படிப்பித்த டீச்சரை யோசித்தோம். விவாதப் போட்டிக்கு இவளை இரண்டு வருடம் தயார்படுத்தியவர். இடமாற்றத்தில் இப்போது அக்கரைப்பற்றில் இருக்கிறார், அது தடையில்லை. கடிதம் மின்னஞ்சலில் வரும் இணைப்பு வழியாகத்தான் போகும். ஆங்கிலம் எழுதத் தயக்கமென்றால் தமிழிலேயே எழுதட்டும். வீட்டார் அல்லாத ஒருவர் மொழிபெயர்த்து இணைத்தால் பல கல்லூரிகள் ஏற்கும்.

ஒன்றை அழுத்தமாகவே சொல்கிறேன். "நீயே எழுதிக் கொண்டு வா, நான் கையெழுத்து வைக்கிறேன்" என்று சொல்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவரிடம் வாங்காதீர்கள். அது நேர்மையான கடிதமில்லை. பிள்ளையின் குரலே அதைக் காட்டிக்கொடுத்தும் விடும்.

நாட்களையும் பாருங்கள். முற்கூட்டிய விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பர் 1, மற்றவை ஜனவரி தொடக்கம். 2024லும் 2025லும் உயர்தரப் பரீட்சை நவம்பரில்தான் தொடங்கியது. எங்களுக்கு மழையும் வெள்ளமும் கரண்ட் போவதும் அதே மாதம்தான். ஆகஸ்டிலேயே கேட்டுவிடுங்கள்.

நாங்கள் கேட்கப் போனது ஆகஸ்ட் கடைசியில். மிஸ் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த பியூரெட் கசிஞ்ச நாள் எழுதின ஆய்வுகூடக் கொப்பி இருக்கா மகள்? கொண்டு வாங்க, பார்த்துத்தான் எழுதணும்" என்றார்.