பள்ளி சாஃப்ட்பாலும் டிராவல் சாஃப்ட்பாலும்: சில சீசன்கள் ஆடிய பிறகு தெரிபவை

அமெரிக்காவில் மகள் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற, பந்தைக் கீழ்க்கையால் வீசும் ஆட்டம்) ஆடும் வீட்டில், எட்டாம் வகுப்பு முடிவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: உயர்நிலைப் பள்ளி அணி போதுமா, டிராவல் அணியிலும் (பள்ளிக்கு வெளியே, ஊர் ஊராகப் போய் டோர்னமென்ட் ஆடும் கிளப் அணி) சேர வேண்டுமா? முதல் சீசனில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிட்சிங் (பந்து வீசும்) தூரம் 43 அடி, பேஸுக்கு பேஸ் (ஓடித் தொட வேண்டிய இடங்களுக்கு இடையே) 60 அடி, 12 அங்குலச் சுற்றளவுள்ள மஞ்சள் பந்து. போகப்போகத்தான் வேறுபாடு புரியும். முதலில் பிடிபடுவது நேரக் கணக்கு.

பள்ளி ஆட்டம் 7 இன்னிங்ஸ். வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம், மற்ற நாட்களில் பயிற்சி. ஒரு பேட்டர் (பந்தை அடிப்பவள்) அதே பிட்சரை (பந்து வீசுபவளை) மூன்றாவது முறையும் எதிர்கொள்வாள். முதல் முறை ஏமாந்த சேஞ்ச்-அப்பை (வேகம் குறைத்து வீசும் பந்தை) இப்போது காத்திருந்து அடிப்பாள். பிட்சரும் கேட்சரும் (பேட்டருக்குப் பின்னே நின்று பந்தைப் பிடிப்பவள்) ஆட்டத்தின் நடுவே திட்டத்தை மாற்றப் பழகுவது இங்கேதான். டிராவல் டோர்னமென்ட்டின் பூல் ஆட்டங்களுக்கோ (நாக்-அவுட்டுக்கு முந்தைய குழு ஆட்டங்கள்) பெரும்பாலும் 75 முதல் 90 நிமிடக் கெடு. நாலைந்து இன்னிங்ஸோடு முடிந்துவிடும், பேட்டருக்கு இரண்டு வாய்ப்பு கிடைத்தால் பெரிது. ஆனால் சனி ஞாயிறில் ஐந்தாறு ஆட்டம் ஆடி, தேர்ந்த பிட்சர்களை வரிசையாகச் சந்திக்கலாம். இந்த வேகத்துக்குப் பழகியவள் பள்ளி ஆட்டத்தில் மெதுவான பந்தைப் பார்த்ததும் அவசரப்பட்டு முன்கூட்டியே பேட்டை வீசுவாள். பந்து ஃபவுல் கோட்டுக்கு வெளியே போய்க்கொண்டே இருக்கும். இது திறமைக் குறைவில்லை, டைமிங் மட்டுமே. டீயில் (பந்தை வைத்து அடிக்கும் தண்டு) பந்தை வழக்கத்தைவிடச் சற்றுப் பின்னே, கேட்சர் பக்கமாக வைத்து, எதிர்ப்புறமாக (வலக்கை பேட்டருக்கு வலப்பக்கம்) அடித்துப் பழகினால் சரியாகும்.

பல மாநிலங்களில் பள்ளி சீசன் வசந்த காலத்தில் வரும். வடக்கே அப்போதும் குளிர் விட்டிருக்காது. ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே காம்போசிட் பேட் (கார்பன் இழை போன்ற கலவையால் ஆனது) எளிதில் விரிசல் விடும். அந்த நாட்களுக்கு ஓர் அலுமினிய பேட் கையில் இருக்கட்டும். பேட்டின் குறுகும் பகுதியில் உள்ள அங்கீகார முத்திரையைத்தான் அம்பயர் பார்ப்பார். எந்த முத்திரை செல்லும் என்பது ஆட்டத்தை நடத்தும் அமைப்பைப் பொறுத்தது. பேட் வாங்குவதற்கு முன் இரண்டு பக்கமும் கேட்டுவிடுங்கள்.

கல்லூரி அணிதான் குறி என்றால் டிராவலைத் தவிர்ப்பது கடினம். காரணம் எளிது: பள்ளி சீசன் நடக்கும் வசந்தத்தில் கல்லூரி கோச்களுக்கும் சொந்த சீசன் ஓடிக்கொண்டிருக்கும். அவர்கள் நேரில் வந்து பார்ப்பது கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் டோர்னமென்ட்களில்தான். என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) முதல் பிரிவு கோச்கள் பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1 முதல்தான் மாணவியிடம் நேரடியாகப் பேசலாம். அதற்கு முந்தைய கோடையை வீணாக்க வேண்டாம். செலவு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும். சில டோர்னமென்ட்களில் அதை நடத்துபவர்கள் காட்டும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டிலும் ஆடும் பிட்சரின் தோள்தான் உண்மையான கவலை. கலிஃபோர்னியாவில் பள்ளி சீசனின்போது அதே விளையாட்டை வெளி அணிக்கு ஆட விதி இடம் தராது. எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை. வெள்ளி மாலை பள்ளிக்கு 7 இன்னிங்ஸ் வீசிவிட்டு, சனிக்கிழமை காலை 8 மணிக்கு டிராவல் ஆட்டத்தில் நிற்கும் பெண்கள் உண்டு. பள்ளி பேஸ்பாலில் 2017 முதல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிட்ச் கணக்குக் கட்டுப்பாடு (வீசும் பந்துகளின் எண்ணிக்கைக்கு வரம்பு) இருக்கிறது; சாஃப்ட்பாலுக்கு அப்படித் தேசிய அளவில் கட்டாயம் இல்லை. கீழ்க்கை வீச்சு தோளைப் பாதிக்காது என்ற பழைய நம்பிக்கை இன்னும் போகவில்லை. விண்ட்மில் வீச்சில் (கையை முழுவட்டமாகச் சுழற்றிக் கீழ்க்கையால் வீசுவது) தோளின் முன்பக்கத்தில், பைசெப்ஸ் தசைநார் சேரும் இடத்தில்தான் வலி பிடிக்கும்.

முதலில் களைப்பது கால். சனிக்கிழமை முதல் ஆட்டத்தில் அவள் முன்பாதம் விழும் தடத்தை ரப்பரிலிருந்து (பிட்சர் நின்று வீசும் பட்டை) எத்தனை காலடி என்று அளந்து வையுங்கள். ஞாயிறு மதியம் மறுபடி அளந்தால் தடம் ரப்பரை நோக்கிச் சற்று உள்ளே வந்திருக்கும். கால் தராத வேகத்தைக் கைதான் ஈடுகட்டுகிறது. ரைஸ் பால் (மேலெழும்புவதுபோல் வரும் பந்து) எழும்பாமல் இடுப்பளவில் நிற்கத் தொடங்கும், எதிரணி அடி அடியென்று அடிக்கும். அப்போது கோச் சொல்வது "இன்னும் அழுத்திப் போடு" என்றால், அந்த அணி வேண்டாம்.

டிராவல் அணியில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: எத்தனை பிட்சர்கள்? மூன்றுக்குக் குறைந்தால் வேறு அணி பாருங்கள். பந்துகளை எண்ணுவது யார்? பதில் தெளிவாக இல்லையென்றால் நீங்களே எண்ணுங்கள். வார்ம்-அப் பந்துகளையும் சேர்த்து எழுதி, ஞாயிறு இரவே பள்ளி கோச்சுக்கு அனுப்பிவிடுங்கள். திங்கட்கிழமை பயிற்சியில் அவளை வீச விடுவதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்க அந்த எண் வேண்டும்.