இருபதுக்குப் பதிமூன்று: நாகர்கோவில் பிரெஞ்சு வகுப்பு பற்றி ஒரு பெற்றோரின் மதிப்பீடு

நாகர்கோவில் செட்டிகுளம் சந்திப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு மருந்துக்கடையின் மாடியில் பிரெஞ்சு வகுப்பு ஒன்று நடக்கிறது. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அந்தத் தெருவில் பிரெஞ்சுக்கு வேறு பெயர்ப்பலகை கிடையாது என்பதால் தேடுவோருக்குச் சிரமம் இராது. பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் சென்ற கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே போய் வருகிறாள். பெற்றோர் விரும்பினால் பின் பெஞ்சில் அமர்ந்து கேட்கலாம் என்று அனுமதிப்பதால், நான் எழுதுவதில் பாதி கேட்டறிந்தது, பாதி கண்ணால் கண்டது.

நம் மாவட்டத்தில் மேல்நிலை வகுப்பில் தமிழை விட்டுப் பிரெஞ்சை எடுப்பவர்கள் பெரும்பாலும் மதிப்பெண்ணுக்காகவே எடுக்கிறார்கள். ஆகவே டியூஷன் என்றால் வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்வதும் கோடிட்ட இடத்தை நிரப்புவதுமே என்று வழக்கமாகிவிட்டது. இங்கும் வாரநாள்களில் அதுதான் நடக்கிறது, அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை வகுப்பு வேறு வகையானது. பிரான்சில் இதே வயதுப் பிள்ளை காலையில் எழுந்தது முதல் இரவு வரை என்ன செய்கிறது என்பதையே பாடமாக்கி, அதன் வழியே மொழியைச் சொல்லித் தருகிறார் ஆசிரியை.

வகுப்புகளின் பெயரிலேயே பிள்ளைகளுக்கு ஆர்வம் தொற்றிக்கொள்கிறது. பதினொரு வயதில் ‘கொலேஜ்’ என்னும் நடுநிலைப் பள்ளியில் சேர்வது அங்கேயும் ஆறாம் வகுப்புதான். ஆனால் அடுத்த ஆண்டு ஐந்து, பிறகு நான்கு, மூன்று என்று எண் இறங்கிக்கொண்டே போய், ‘லிசே’ என்னும் மேல்நிலைப் பள்ளியில் இரண்டு, ஒன்று, கடைசியாக ‘தெர்மினால்’ என்று முடிகிறது. அதன் முடிவில் 1808இல் நெப்போலியன் காலத்தில் தொடங்கப்பட்ட ‘பாக்’ தேர்வு. அறிவியல் படிப்பவராயினும் தத்துவத் தாளை நான்கு மணி நேரம் எழுதியே ஆக வேண்டும் என்று கேட்டதும், நீட் பயிற்சிக்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் சிலர் பெருமூச்சு விட்டார்கள். பள்ளி உணவகத்தின் ஒரு நாள் பட்டியலை ஆசிரியை அச்சிட்டுக் கொடுத்திருந்தார்: துருவிய கேரட், மீன், பீன்ஸ், பாலாடைக்கட்டி, ஆப்பிள். தக்கலையிலிருந்து வரும் ஒரு மாணவன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “மிஸ், இதுல கொழம்பு ஒண்ணுமே இல்லியா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியையே பிரெஞ்சில் கேட்க வைத்து, அன்றைய எதிர்மறை வாக்கிய இலக்கணத்தை அதிலேயே முடித்தார். 2019 முதல் அங்குள்ள பள்ளி உணவகங்களில் வாரம் ஒரு நாள் சைவ உணவு கட்டாயம் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டார்.

மதிப்பெண் முறையைப் பற்றித்தான் பெற்றோருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தேவை. சனிக்கிழமைக் கட்டுரைகளை ஆசிரியை பிரெஞ்சு வழக்கப்படி இருபதுக்குத் திருத்துகிறார். பத்து எடுத்தால் தேர்ச்சி, பன்னிரண்டு பரவாயில்லை, பதினான்கு நன்று, பதினாறு மிக நன்று. பாக் தேர்வுச் சான்றிதழில் பதியப்படும் தரநிலைகளும் இவையே. என் மகள் பதிமூன்று வாங்கி வந்த அன்று என் மாமியார் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன மக்களே, இருபதுக்குப் பதிமூணுதானா? மிச்சம் ஏழு எங்க போச்சு?” என்றார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்தாலும் இரண்டு எங்கே என்று கேட்கும் ஊர் நமது. அந்தத் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஆசிரியை எழுதியிருந்த குறிப்புகள் ஒன்பது வரி இருந்தன. முழு மதிப்பெண் போடும் எந்த வகுப்பிலும் அவளுக்கு அப்படி ஒரு திருத்தம் கிடைத்ததில்லை.

நான் நேரில் கேட்ட பாடங்களில் சிறந்தது, பள்ளி விதிகளைப் பற்றியது. கொலேஜ் வளாகத்தில் கைப்பேசியைப் பயன்படுத்த 2018ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது என்றதும் வகுப்பில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அடுத்ததாக, அரசுப் பள்ளிகளில் பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களை அணியக்கூடாது என்ற 2004ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்தார். சிலுவைச் சங்கிலி, சந்தனப் பொட்டு, முக்காடு மூன்றும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் வகுப்பு அது. எப்படிக் கையாளப் போகிறார் என்று எனக்கே படபடப்பாக இருந்தது. சிறிய சிலுவை போன்று உறுத்தாத அடையாளங்களைச் சட்டம் தடுக்கவில்லை என்பதையும், சமயச் சார்பின்மை என்பதை நாம் புரிந்துகொள்வதும் அவர்கள் புரிந்துகொள்வதும் எங்கே பிரிகின்றன என்பதையும் நிதானமாக விளக்கிவிட்டு, ஆதரித்து நான்கு வரியும் எதிர்த்து நான்கு வரியும் எல்லாரும் எழுத வேண்டும் என்றார். தன் கருத்தைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை.

பாட்டு, படக்கதை போன்றவற்றுக்கும் இடம் உண்டு. வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் பாடல்களில் குறைந்தது 40 விழுக்காடு பிரெஞ்சு மொழிப் பாடல்களாக இருக்க வேண்டும் என்ற 1994ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேட்ட பிள்ளைகள், தமிழுக்கும் அப்படி ஒன்று வேண்டுமா என்று அரைமணி நேரம் வாதாடினார்கள். பதினெட்டு வயதானவர்க்குப் புத்தகம், நாடகம், திரைப்படத்துக்குச் செலவிட அரசு 2021இல் நாடு முழுவதும் 300 யூரோ கொடுக்கத் தொடங்கியதும், அதில் கணிசமான பங்கு ‘மாங்கா’ என்னும் ஜப்பானியப் படக்கதைகள் வாங்கப் போனதும், 2025இல் தொகை 150 ஆகக் குறைக்கப்பட்டதும் அவர்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனால் பாடலைப் போட்டுக் காட்டும் ஒலிபெருக்கி கரகரப்பதால், மூன்றாம் வரிசைக்குப் பின்னால் ஒரு சொல்லும் விளங்குவதில்லை. கேட்டல் பயிற்சிக்குப் பணம் வாங்குபவர்கள் இதையாவது மாற்றியிருக்க வேண்டாமா?

குறைகள் இன்னும் உண்டு. கையில் தரும் நகல் புத்தகம் பழையது. இலக்கியம், பொருளியல், அறிவியல் என்ற பழைய பாக் பிரிவுகள் 2021ஆம் ஆண்டுத் தேர்வோடு ஒழிந்துவிட்டன, புத்தகத்தில் அவை இன்னும் இருக்கின்றன. ஆசிரியை வாயால் திருத்துகிறார், ஆனால் விடுப்பு எடுத்த பிள்ளை பழையதையே படித்துக்கொண்டு போகும். அதைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது, எல்லாக் கதையும் பாரிஸிலேயே நடப்பது. பதினோராம் வகுப்போடு பள்ளியை முடித்து ‘செஜெப்’ கல்லூரிக்குப் போகும், பிரெஞ்சு பேசும் கனடாவின் கியூபெக் பிள்ளை, சீருடை அணிந்து பாக் எழுதும் ஐவரி கோஸ்ட் பிள்ளை ஆகியோர் எங்கும் தென்படவில்லை. கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற தமிழர்களின் வழிவந்தவர்கள் வாழும் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், தென் அரைக்கோளத்தின் கோடை என்பதால் டிசம்பரில் ஒரு நீண்ட விடுமுறை தொடங்குகிறது, பாடத்திட்டமோ பிரான்சினுடையதே. நம் பக்கத்திலேயே புதுச்சேரியில் 1826 முதல் பிரெஞ்சுப் பள்ளி நடக்கிறது. இவற்றைச் சொன்னால் நம் பிள்ளைகள் இன்னும் நெருக்கமாக உணர்வார்கள் என்று ஆசிரியையிடம் சொன்னேன். அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றார்.

மாதக் கட்டணம் 1,500 ரூபாய். நகல் புத்தகத்துக்குத் தனி. பிரெஞ்சு மொழித் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வுக்கான பயிற்சியையும் தனிக் கட்டணத்தில்தான் தருகிறார்கள். நான்கு திறன்களுக்கும் தலா 25 என நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் அதில் தேர்ச்சி, ஆனால் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து வேண்டும். கேட்டல் பகுதியை நினைத்தால் மீண்டும் அந்த ஒலிபெருக்கிதான் நினைவுக்கு வருகிறது. சனிக்கிழமை வகுப்பு ஆறரைக்கு முடியும் என்பார்கள், ஏழு ஆகிவிடும். குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் வடசேரியில் பேருந்து பிடிப்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். பொதுத்தேர்வில் முழு மதிப்பெண் மட்டும் போதும் என்பவர்கள் வாரநாள் வகுப்புக்கு மட்டும் 900 ரூபாய் கட்டிச் சேரலாம், அதற்கு இடம் எப்போதும் கிடைக்கிறது. சனிக்கிழமைக்குத்தான் ஜூன் முதல் வாரத்திலேயே சொல்லி வைக்க வேண்டும்.