அக்கி விட்டுப்போன வலிக்கு டென்ஸ் மெஷின்: வாங்கலாமா?

அக்கிக் கொப்புளம் ஆறி வருடம் ஆகிவிட்டது, வலிதான் போகவில்லை. இடது விலாவைச் சுற்றி முதுகிலிருந்து முன்பக்கம் வரை ஒரு பட்டையாக எரியும். சட்டை உரசினாலே சுரீரென்று இழுக்கும். குயவரிடம் காவியால் அக்கி எழுதியும் பார்த்தாயிற்று. டாக்டர் கொடுத்த பிரகாபலின் வலியைக் குறைத்தது, ஆனால் பகலெல்லாம் தூக்கம். எனக்கோ தையல் தொழில், ஊசிக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு சொக்க முடியாது. பிசியோவில் கரண்டு வைத்தபோது இதமாக இருந்ததால் அவரிடமே கேட்டுவிட்டு இந்த டென்ஸ் மெஷினை வாங்கினேன். தோலில் பேட் ஒட்டி, அதன் வழியாக லேசான கரண்டு விட்டு வலியைக் குறைக்கப் பார்க்கும் சின்னக் கருவி இது.

இரண்டு சேனல் (தனித்தனி கரண்டு வழி), நான்கு பேட், 9 வோல்ட் பேட்டரி. பெல்ட்டில் மாட்டிக்கொள்ளலாம். திரையும் பட்டனும் இல்லாமல் திருகு வைத்த மாடல். பார்க்காமலே கூட்டலாம், குறைக்கலாம்.

தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பிழைகளைத் தூண்டினால் தண்டுவடத்திலேயே வலிக்குக் கதவு சாத்தப்படும் என்று 1965ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு வலி ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துவிடுகிறோமே, அது மாதிரி. பேட்ரிக் வால் தன் முகத்து நரம்பிலேயே மின்சாரம் வைத்துச் சோதித்தவர். துணிச்சல்காரர்தான்!

கூட வந்த கையேட்டில் முட்டி, இடுப்புப் படங்கள் மட்டுமே. எரியும் தோலின் மேலேயே பேட் ஒட்டினால் உயிர் போகும் என்று பிசியோ முதலிலேயே எச்சரித்தார். எரியும் பட்டைக்கு மேற்புறம் ஒரு ஜோடி, கீழ்ப்புறம் ஒரு ஜோடி என்று பேனாவால் குறித்துக் கொடுத்தார். நெஞ்சின் முன்னும் பின்னும் எதிரெதிராக ஒட்டக்கூடாதாம். எனக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை துடிப்பு) ஒத்துவருகிறது, நன்றாகக் குறுகுறுக்கும், வலிக்காது. 2, 4 ஹெர்ட்ஸில் சதை துள்ளும், தையல் கோணிக்கொள்ளும்.

ஓடும்வரை எரிச்சல் பாதிக்குக் குறைகிறது. நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் பழையபடி. நரம்பு வலிக்கு டென்ஸ் பற்றி 2017ல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வும், இருக்கிற ஆதாரம் மிகப் பலவீனமானது, பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது என்றே முடிக்கிறது. ஆகவே 'நிரந்தரத் தீர்வு' என்று யாராவது விற்றால் அடுத்த கடை பாருங்கள். பட்டன் தைக்கிற ஒரு மணி நேரம் நிம்மதியாகப் போனால் எனக்குப் போதும்.

குறை பேட்தான். நம் ஊர் வியர்வைக்குப் பசை சீக்கிரம் போய்விடுகிறது. தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, பசைப்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவினால் இன்னும் கொஞ்சம் ஓடும். மாற்று பேட் கேட்டதற்கு ஆன்லைன் கடை ஒயர் செருகும் பின் வேறு மாதிரி உள்ளதை அனுப்பிவிட்டு, பாக்கெட் பிரித்ததால் திருப்பி எடுக்க முடியாது என்றது. பிரிக்காமல் பின்னை எப்படிப் பார்ப்பதாம்?

பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கழுத்தின் முன்பக்கம் யாருக்குமே கூடாது. சர்க்கரையால் கால் மரத்துப்போன பக்கத்து வீட்டுப் பெரியவர் இரவல் கேட்டார், நான் தரவில்லை. உணர்வில்லாத தோலில் கரண்டு கூடிப்போனாலும் தெரியாது, புண்ணாகிவிடும். அதில் அவருக்கு என்மேல் இன்னும் வருத்தம்தான்.